முள்ளம்பன்றி முள்ளை எய்யுமா? லயத்துப் பிள்ளைகளுக்கு மாட்டு டாக்டரின் பதில்கள்

மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டங்களில் மாடு பார்க்கப் போனால், சுற்றி நிற்பது லயத்துப் பிள்ளைகள்தான் (லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்). டிவி பார்த்துவிட்டு ஒட்டகச்சிவிங்கியைப் பற்றி எனக்கே பாடம் எடுப்பார்கள். ஆனால் வீட்டுக்குப் பின்னால் நடமாடும் விலங்குகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததில் பாதி பெரியவர்கள் விட்ட கதை. நிஜம் அந்தக் கதைகளைவிட ருசியானது. காட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு அது தேவையும்கூட.

"சார், முள்ளம்பன்றி அம்பு மாதிரி முள்ளை எய்யுமாமே?"

எய்யாது. முள் என்பது தடித்து இறுகிய ரோமம். நம் நகத்தில் இருக்கும் அதே கெரட்டின்தான் அதிலும் இருக்கிறது. எதிரி நெருங்கினால் முதலில் முள்ளைச் சிலிர்க்கும், காலால் தரையை உதைக்கும். வாலில் உள்ளீடில்லாத சில முட்கள் உண்டு. அவற்றை ஆட்டிக் கலகலவென்று சத்தமும் போடும். அப்படியும் எதிரி நகராவிட்டால் திரும்பி நின்று பின்பக்கமாகவே பாய்ந்து குத்தும். முள் லேசில் கழன்று குத்திய இடத்திலேயே நின்றுவிடுவதால், எய்ததுபோல நமக்குத் தோன்றுகிறது. குட்டி பிறக்கும்போது முள் மெத்தென்றுதான் இருக்கும் (இல்லாவிட்டால் தாயின் பாடு என்ன ஆவது!). கிழங்கும் மரப்பட்டையும் தின்கிற இந்தப் பிராணி தன் வளைக்குள் எலும்புகளைச் சேர்த்து வைக்கிறது. கொறித்தால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும், வளர்ந்துகொண்டே போகும் பல்லும் தேயும்.

மூஞ்சி முழுக்க முள்ளோடு நாயைத் தூக்கி வருகிறவர்கள் சிலர், வழியிலேயே முள்ளைக் கத்தரித்திருப்பார்கள். காற்று இறங்கி முள் தானாகக் கழன்றுவிடுமாம். கழலாது. பிடித்து இழுக்கப் பிடி இல்லாமல் போவதுதான் மிச்சம். முனை ஒடிந்து சதைக்குள் நகரும், சீழ் வைக்கும். வெட்டாமல், பிடுங்காமல், நாய் காலால் தேய்க்காமல் பார்த்துக் கொண்டு வாருங்கள். மயக்க ஊசி போட்டு நாங்கள் எடுப்போம்.

அடுத்து யானை. இங்கே யானை என்றால் பேச்சு, அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த காட்டு யானை அரிக்கொம்பனில் போய்த்தான் நிற்கும். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது மே மாதம் கம்பம் ஊருக்குள் இறங்கியது. ஜூனில் தமிழ்நாடு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. பூட்டிய ரேஷன் கடைக்குள் அரிசி இருப்பது அதற்கு எப்படித் தெரிந்தது என்பார்கள் பிள்ளைகள். மூக்குதான். ஆப்பிரிக்க யானைக்கு மோப்பத்துக்கான மரபணுக்கள் சுமார் 2000 இருப்பதை 2014-இல் ஓர் ஆய்வு காட்டியது. நாய்க்கு அதில் பாதிகூட இல்லை. கொல்லைப்புறத்தில் பழுத்த பலாவை விட்டு வைப்பது யானைக்கு விருந்தழைப்பு அனுப்புவது மாதிரி.

காது விஷயமும் வேடிக்கைதான். 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து மிருகக்காட்சி சாலையில் யானைகளின் அருகே நின்ற கேட்டி பேய்ன் என்ற ஆய்வாளர், காற்றில் ஏதோ அதிர்வதாக உணர்ந்தார். ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது தெரிந்தது, மனிதக் காதுக்கு எட்டாத அடிக்குரலில் அவை பேசிக்கொண்டிருந்தன. யானைக் கூட்டத்தின் மௌனத்தை நம்ப முடியாது. பனிமூட்டத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்பதை வைத்து ஈட்டா (நாணல் மாதிரியான மூங்கில்) காட்டுக் குறுக்குவழியில் இறங்க வேண்டாம்.

இரவிகுளம் தேசியப் பூங்காவின் வரையாடு பற்றி அதிகம் பயமுறுத்த ஒன்றும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் அது கிடையாது. குட்டி போடும் காலம் என்பதால்தான் பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடுகிறார்கள். பக்கத்தில் வந்து நிற்கிறதே என்று சிப்ஸ் நீட்டாதீர்கள், போதும்.

குரங்குக்கும் நீட்டாதீர்கள். அதற்குக் கன்னத்துக்குள்ளேயே பை உண்டு. வாங்கியதை அதில் அடைத்துக்கொண்டு அடுத்த கையைப் பார்க்கும். பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று நினைக்க வேண்டாம். அது பயந்திருக்கிறது, இல்லை மிரட்டுகிறது. கண்ணுக்குள் உற்றுப் பார்ப்பதையும் அது சண்டைக்கு அழைப்பதாகவே எடுத்துக்கொள்ளும். கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசிக்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். வீட்டில் திட்டுவார்கள் என்று காயத்தை மறைக்கிற பிள்ளைகள் உண்டு. அம்மாமாரே, திட்டுவதை ஊசி போட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.