அடித்தால் கழன்றுவரும் குண்டு

தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி சுடுதல்காரர்களின் மேசையில் ஒரு விநோதமான சுத்தியல் இருக்கும். அதன் தலை கெட்டியான பிளாஸ்டிக்; உள்ளே குழாய்போல வெற்றிடம், ஒரு முனையில் திருகுமூடி. புல்லட் புல்லர் என்பார்கள். வெடிமருந்தின் அளவு தவறிப்போன தோட்டாவையோ, குண்டு தேவைக்கு மேல் ஆழமாக இறங்கிவிட்ட தோட்டாவையோ அந்தத் தலைக்குள் வைத்து மூடி, கான்கிரீட் தரையில் ஓங்கி அடிப்பார்கள். சில அடிகளில் குண்டு தனி, மருந்து தனி, பித்தளை உறை தனி என்று பிரிந்துவிடும். பெரும்பாலும் மூன்றையும் மறுபடி பயன்படுத்தலாம்.

வெடிமருந்து உள்ள பொருளைச் சுத்தியலில் போட்டு அடிப்பதா என்று முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். நியாயமான பயம்தான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. குண்டைப் பிடித்து இழுக்க இந்தக் கருவியில் எதுவுமே இல்லை. கொக்கி இல்லை, இடுக்கி இல்லை. அப்படியானால் குண்டை வெளியே எடுப்பது எது?

முதலில், குண்டு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம். உறை பெரும்பாலும் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர், நடுவில் மருந்து, வாயில் குண்டு. உறையின் கழுத்து, குண்டைவிட ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு குறுகலாக இருக்கும். குண்டை உள்ளே அழுத்தும்போது பித்தளை கொஞ்சம் விரிந்து, ஸ்பிரிங் மாதிரி திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்த இறுக்கமும் உராய்வும்தான் குண்டைப் பிடித்துவைத்திருக்கின்றன. சில தோட்டாக்களில் உறையின் விளிம்பை குண்டின் மேல் லேசாக மடக்கியும் விடுவார்கள். இதற்கு கிரிம்ப் என்று பெயர்.

புல்லட் புல்லரில் தோட்டா தலைகீழாகத் தொங்கும். கோலெட் எனப்படும் மூன்று துண்டு வளையம் உறையின் அடிவிளிம்பைக் கவ்விக்கொள்ள, அதற்கு மேல் மூடி இறுகும். குண்டின் முனை, சுத்தியல் அடிபடப்போகும் பக்கத்தைப் பார்த்து நிற்கும். கையை வீசும்போது சுத்தியல், உறை, குண்டு மூன்றும் ஒரே வேகத்தில் கீழே வருகின்றன. தரையில் பட்டதும் சுத்தியல் நிற்கிறது. விளிம்பில் கவ்வப்பட்டிருப்பதால் உறையும் கூடவே நிற்கிறது. குண்டை நிறுத்த யாரும் இல்லை, கழுத்தின் பிடியைத் தவிர. அந்தப் பிடி போதவில்லை என்றால் குண்டு வந்த வேகத்திலேயே முன்னால் போகப் பார்க்கும். 1687-இல் நியூட்டன் முதல் விதியாக எழுதிவைத்த நிலைமம்தான் இது. தளர்ந்துபோன சுத்தியல் தலையை இறுக்க, காம்பின் அடியைத் தரையில் குத்துவோமே, அதே கதை: காம்பு நிற்கிறது, தலை நிற்க மறுக்கிறது. ஆக, குண்டை யாரும் இழுக்கவில்லை. உறையை மட்டும் சட்டென்று நிறுத்துகிறோம், அவ்வளவுதான்.

இதை எண்களில் பார்த்தால் இன்னும் அழகு. சுத்தியல் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வருகிறது, தரையில் பட்டு 1 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை நின்ற தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால், வேகம் குறையும் வீதம் 50,000 மீ/வி² என்று வரும். புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறக்குறைய 5,000 மடங்கு! ஆனால் அது நீடிப்பது விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் குண்டு சுமார் 8 கிராம். அதை உறையோடு சேர்த்து நிறுத்த 400 நியூட்டன் விசை வேண்டும். கழுத்தின் பிடி 200 நியூட்டன் என்று கொண்டால், பாதிதான் தேறுகிறது. குண்டு வழுக்குகிறது.

சரி, எவ்வளவு வழுக்கும்? 200 நியூட்டன் பிடியில் அந்தக் குண்டு நிற்க 2 மில்லிமீட்டர் தூரம் வேண்டும். உறை 1 மில்லிமீட்டரிலேயே நின்றுவிட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது 1 மில்லிமீட்டர், அந்த ஒரு அடியில் குண்டு வெளியே வந்த அளவு. ஒரே அடியில் வேலை முடியாததற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு அடிக்கும் கழுத்துக்குள் மிச்சமிருக்கும் பகுதி குறைவதால் பிடியும் தளர்ந்துகொண்டே போகும். முதல் அடிகளில் அசைந்த மாதிரியே தெரியாத குண்டு, கடைசி அடியில் பொத்தென்று விழும். (பின்னாலிருக்கும் மருந்தும் தன் பங்குக்குக் குண்டை முன்னால் தள்ளும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டுவிட்டேன்.)

இதே கணக்கு, எதன் மேல் அடிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறது. ரப்பர் விரிப்பின் மேல் அடித்தால் சுத்தியல் 2 மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கித்தான் நிற்கும். குண்டும் அதற்குள் நின்றுவிடும். நாள் முழுக்க அடித்தாலும் பயனில்லை. கைவலிமையைக் கூட்டுவதைவிட அடிக்கும் இடத்தைக் கெட்டியாக்குவதே புத்திசாலித்தனம். ஆனால் சுத்தியலின் தலைக்குள் நிலைமை நேர் எதிர். அங்கே சிறிய ஸ்பாஞ்சுத் துண்டைப் போட்டுவைப்பார்கள், வந்து விழும் குண்டின் முனை நசுங்காமல் இருக்க. வெளியே கெட்டி, உள்ளே மெத்தை.

எடை குறைந்த குண்டுகள்தான் அதிகம் அடம்பிடிக்கும். கனமானதைத்தானே கழற்றக் கடினம் என்று தோன்றும்; இங்கே தலைகீழ். சுமார் 3.6 கிராம் எடையுள்ள சிறிய ரைபிள் குண்டை அதே அடியில் உறையோடு நிறுத்த 180 நியூட்டன் போதும். கழுத்திடம் 200 இருக்கிறது. குண்டு இம்மியும் நகராது. வீச்சை விநாடிக்கு 12 மீட்டராகக் கூட்டினால் தேவை 259 நியூட்டன் ஆகிவிடும், நகரத் தொடங்கும். வேகம் வர்க்கத்தில் வருவதால் கொஞ்சம் கூட்டினாலே பலன் பெரிது. 11 கிராம் குண்டுக்கு இந்தச் சிரமமே கிடையாது.

ராணுவத் தோட்டாக்களில் ஈரம் புகாமல் இருக்கக் கழுத்தில் தார் போன்ற பூச்சு தடவியிருப்பார்கள். பல்லாண்டு கிடந்த தோட்டாக்களில் குண்டின் உலோகமும் பித்தளையும் ஒட்டிக்கொண்டுவிடுவதும் உண்டு. அனுபவசாலிகள் அப்போது குண்டை முதலில் மயிரிழை அளவு உள்ளே அழுத்துவார்கள். ஒட்டு விட்டுப்போகும், அப்புறம் சுத்தியல் வழக்கம்போல வேலை செய்யும்.

இப்போது அந்தப் பயத்துக்கு வருவோம். புகையில்லா மருந்து பற்ற நெருப்பு வேண்டும். அந்த நெருப்பைத் தருவது பிரைமர். பிரைமருக்குள் இருக்கும் கலவை தீப்பிடிக்க, துப்பாக்கியின் ஊசி அதன் நடுப்புள்ளியைக் குழியாக்கி, கலவையை உள்ளிருக்கும் சிறு உலோகத் துண்டோடு வைத்து நசுக்க வேண்டும். புல்லட் புல்லரில் பிரைமரின் முகத்தை எதுவும் குத்துவதில்லை. கோலெட்டின் பிடி அதைச் சுற்றியுள்ள விளிம்பில்தான். பிரைமரின் எடை ஒரு கிராமில் சிறு பங்கு என்பதால் 5,000 மடங்கு ஈர்ப்பிலும் அதன்மேல் வரும் விசை சொற்பம், அதுவும் பரவலாக.

இந்தப் பாதுகாப்பு முழுக்க பிரைமர் நடுவில் இருப்பதை நம்பியது. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாக்களில் தனி பிரைமர் கிடையாது. பற்றவைக்கும் கலவை உறையின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். புல்லட் புல்லர் கவ்வுவதும் அதே விளிம்பைத்தான். எனவே அவற்றை இதில் போடவே கூடாது. ஒளிக்கோடு விட்டுச் செல்பவை, தீ மூட்டுபவை, வெடிப்பவை என்று குண்டுக்குள்ளேயே வேதிப்பொருள் வைத்த ராணுவ வகைகளுக்கும் இதே தடை. கண்டெடுத்த தோட்டா எந்த வகை என்று வெளித்தோற்றத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அதைத் தொடாமல் காவல்துறையிடம் சொல்வதே சரி.

உரிமத்தோடு இதைச் செய்பவர்கள் கண்ணாடி அணிந்து, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா என்றுதான் பிரிக்கிறார்கள். தலைக்குள் கொட்டிய மருந்தை உடனே வேறாக எடுத்துவிடுவார்கள். எந்த வகை என்று உறுதியாகத் தெரியாத மருந்தை மறுபடி எந்த உறையிலும் நிரப்பமாட்டார்கள், ஏனென்றால் எரியும் வேகம் வகைக்கு வகை வெகுவாக மாறும். பிரித்த உறை காலியாகத் தெரிந்தாலும் அதன் அடியில் உயிருள்ள பிரைமர் இன்னும் இருக்கிறது. அதைப் பழைய பித்தளையோடு போடாமல் தனியாகக் குறித்துவைப்பார்கள்.