வேலை போனதில் என்ன நன்மை?

ஓட்டேரியில் டி.டி.பி. கடை வைத்திருக்கும் என்னிடம் மனு எழுத வருகிறவர்களைவிட, கையில் வந்த காகிதத்துக்கு அர்த்தம் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். போன வாரம் பின்தெரு அண்ணன் வந்தார். பின்னி மில்லில் வீவிங்கில் இருந்தவர். 1996-இல் மில் மூடும்வரை வேறு வேலை பார்த்ததில்லை. அவருடைய பெண் அமெரிக்காவில் இருக்கிறாள், கிரீன் கார்டு வாங்கியாயிற்று. இரண்டு மாதம் முன்பு கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது அவளுக்கும் வேலை போய்விட்டது. அந்த மாநில அரசு அனுப்பிய கடிதத்தை அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறாள். போன் அதைத் தமிழாக்கித் தந்திருக்கிறது.

“இன்னா தம்பி இது? வேலை போனதுல நன்மைன்னு போட்டுக்கீறான். பக்கத்துலயே நிலுவைன்றான். எம்பொண்ணு எதுனா கட்டணுமா?”

திரையில் இருந்தது இதுதான்: “உங்கள் வேலையின்மை நன்மைகள் நிலுவையில் உள்ளன. தாமதம் இருப்பினும் வாராந்திர உரிமைகோரல்களைத் தொடரவும்.”

வேலையின்மை நன்மைகள்! ஆங்கிலத்தில் அன்எம்ப்ளாய்மென்ட் பெனிஃபிட்ஸ். இதை முதல் முறை பார்த்தபோது சிரித்தேன். அப்புறம் ஒரு படத்தின் அடிவரியில் பார்த்தேன், செய்தியில் பார்த்தேன், தட்டச்சு செய்யச் சொல்லி ஒருவர் கொண்டுவந்த துண்டறிக்கையிலும் பார்த்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

விஷயம் என்னவென்றால், அங்கே வேலை இழந்தவருக்குச் சில மாதங்கள், பெரும்பாலான மாநிலங்களில் அதிகபட்சம் 26 வாரங்கள், பழைய சம்பளத்தில் ஒரு பங்கை அரசு தருகிறது. 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு. பணம் பெரும்பாலும் முதலாளிகள் கட்டும் வரியிலிருந்து வருகிறது. அதற்கு வாரா வாரம், ‘இந்த வாரமும் வேலை கிடைக்கவில்லை, தேடினேன், இவ்வளவுதான் சம்பாதித்தேன்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அடையாளச் சரிபார்ப்பிலோ பழைய கம்பெனி கிளப்பும் ஆட்சேபத்திலோ பணம் இழுத்தடித்தாலும் இந்த எழுதிக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த வாரத்துப் பணம் கைவிட்டுப் போகலாம். கடிதம் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான். சொன்னது வேறு.

பெனிஃபிட் லத்தீன் வழி வந்த சொல், ‘நன்றாகச் செய்யப்பட்டது’ என்று பொருள். போன் உரிமைகோரல் ஆக்கிய கிளைம் என்பதற்கும் வேர் லத்தீன்தான், கூவிக் கேட்பது. வேர் அவ்வளவு போதும். வேரைப் பார்த்து நன்மை என்று போட்டதால் வந்த வினைதானே இது.

சரி, நன்மை வேண்டாம், வேறு என்ன? வியாசர்பாடியில் ஒரு தமிழாசிரியர் ஐயா இருக்கிறார், பணி ஓய்வு பெற்றவர், அச்சுக்குக் கொடுக்கும் எதையும் நான் அவரிடம் ஒரு முறை காட்டுவேன். முதலில் ‘பலன்’ என்று சொல்லிப் பார்த்தேன். ஓய்வூதியப் பலன், பணப்பலன் என்று அரசாணைகளில் இருக்கிறதே. “வடசொல், பயன் என்று போடு” என்றார். வேலையிழப்புப் பயன் என்று போட்டால் நன்மைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? வேலை இழந்தால் பயன் உண்டு என்றுதானே படிப்பவர் நினைப்பார்? சொல் தூய்மையாக இருந்து அர்த்தம் அழுக்காக இருந்தால் யாருக்கு லாபம்?

ஐயா விடவில்லை. “உதவித்தொகை என்று நல்ல சொல் இருக்கும்போது நீ ஏன் அலைகிறாய்?”

பலரும் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டு அரசே ‘வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான உதவித்தொகை’ என்றுதான் வைத்திருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு 5 ஆண்டு காத்திருந்தவருக்கு, பட்டதாரியானால் மாதம் 600 ரூபாய். அந்த இடத்தில் உதவித்தொகை சரியான சொல். அரசு தன் கையிலிருந்து தருகிறது, வாங்குகிறவர் முன்னால் எதுவும் கட்டியதில்லை. ஆனால் அமெரிக்கக் கடிதத்தில் சொல்வது அந்த வகை அல்ல. அது காப்பீடு. அவள் வேலை பார்த்த காலத்தில் அவள் சம்பளத்தை வைத்து முதலாளி வரி கட்டியிருக்கிறார். நம் இ.எஸ்.ஐ.யிலும் இந்த மாதிரி ஒன்று உண்டு. 2018-இல் வந்த திட்டத்தில், வேலை இழந்த காப்பீட்டாளருக்கு வாழ்நாளில் ஒரு முறை, அதிகபட்சம் 90 நாளுக்கு, சராசரி நாள் கூலியில் கால் பங்கு. 2020-இல் அந்தக் கால் பங்கை அரைப் பங்காக உயர்த்தினார்கள். தொழிலாளியின் சம்பளத்தில் மாதா மாதம் முக்கால் சதவீதம் பிடித்துக்கொண்டு, வேலை போனதும் திருப்பித் தருவதை உதவி என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? உதவி தாமதமானால் கேட்க வாய் வராது. உரியது தாமதமானால் கேட்கலாம்.

இன்னொன்று. வேலையின்மை என்ற முதல் பாதியும் தப்பு. நம் உதவித்தொகை, வேலையே கிடைக்காதவருக்கு. அங்கே தருவது, இருந்த வேலை போனவருக்கு. தானாக விட்டுவிட்டு வந்தவருக்குக்கூடப் பொதுவாகக் கிடையாது. ஆக, வேலையிழப்பு.

என் சொல் ‘படி’. வேலையிழப்புப் படி.

ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. “படி என்றால் வாசற்படி, நகல், வாசி, நாலு அர்த்தம்” என்றார். பயணப்படி வாங்கியபோது எந்த வாத்தியாராவது வாசற்படியை நினைத்தாரா ஐயா என்று கேட்டேன். படி அளக்கும் பாத்திரம், எட்டு ஆழாக்கு. கூலியை நெல்லாக அளந்த காலத்தில் அன்றன்றைக்கு அளந்து தந்தது படி. ‘எல்லாருக்கும் படியளக்கிறவன்’ என்று கடவுளையே சொல்கிறோம். மில்லில் இருந்தவர்களுக்குப் பஞ்சப்படி என்றால் விளக்க வேண்டாம். விலைவாசி ஏற ஏற அதுவும் ஏறும். அதை அகவிலைப்படி என்று மாற்றினார்கள், படியை மாற்ற முடியவில்லை. இங்கிலாந்தில் இந்த வாரப் பணத்துக்குத் தெருவில் வைத்த பேர் டோல். அதற்கும் பழைய பொருள் பங்கு, அளந்து கொடுப்பது. 1911 சட்டப்படி வாரம் 7 ஷில்லிங். அவர்கள் ஊர் படி அது.

படிக்காசு கதையும் இருக்கிறது. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு பொற்காசு வைத்தார் சிவன். அப்பர் காசு நல்ல காசு. அவர் மடத்தில் நேரத்துக்குச் சோறு. சம்பந்தர் காசுக்குக் கடையில் வட்டம், அதாவது கழிவு, பிடித்தார்கள், மாற்றிச் சாமான் வாங்கி உலை வைக்கப் பொழுது போய்விட்டது. அந்தக் குறைக்குப் பேர் வாசி. வாசியைத் தீருங்கள் என்று சம்பந்தர் சிவனிடமே பாடி, நல்ல காசாக வாங்கினார். தாமதமான படிக்கு மனுப் போட்ட முதல் ஆள் அவர்தான் என்பேன். கதையைச் சொன்னதும் ஐயா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

உரிமைகோரலைப் பற்றி ஒரு வார்த்தை. நிலத் தகராறில் உரிமைகோரலாம். ‘தான் நிரபராதி என்று உரிமைகோரினார்’ என்று நேற்றுகூட ஒரு செய்தியில் படித்தேன். அவர் சொன்னார் ஐயா, வெறும் சொன்னார்! மொழிபெயர்க்கிறவர்கள் எழுதியதைத் தங்கள் அம்மாவிடம் ஒரு முறை வாசித்துக் காட்டினால் பாதி தீரும். கேட்பு என்கிறார்கள் சிலர். எங்கள் பக்கம் கேட்பு என்றால் வீட்டு வரிக்கு வரும் தாள். ‘கேட்பு, வசூல், நிலுவை’ என்று வரிப் பதிவேட்டில் மூன்று பத்தி இருக்கும். மூன்றும் நாம் கட்டுகிற பணத்தின் கணக்கு. அண்ணன் பயந்தது அந்த நிலுவைக்குத்தான். அவள் வாராவாரம் செய்வது உறுதிமொழி. நம் உதவித்தொகைக்கும் ஆண்டுக்கு ஒரு தடவை சுய உறுதிமொழி ஆவணம் கேட்கிறார்களே, அங்கே வாரத்துக்கு ஒன்று.

கடிதத்தைப் புதிதாக அடித்து அண்ணனிடம் கொடுத்தேன்: “உங்கள் வேலையிழப்புப் படி இன்னும் பட்டுவாடா ஆகவில்லை. தாமதமானாலும் வார உறுதிமொழியை நிறுத்தாமல் கொடுத்து வாருங்கள்.”

நின்றபடியே இரண்டு தரம் படித்தார். “அப்ப அவன்தான் நமக்குத் தரணும்.”

“ஆமாண்ணே.”

“லே ஆஃப் காசு மாரி.” மில்லில் வேலை தராத நாளுக்குக் கொடுத்த காசு அது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பொண்ணுக்குப் போன் போட அங்கே இப்போது மணி எத்தனை என்று கேட்டார்.