ஓனர் ஊரில் இல்லை, மேனேஜர்தான் எல்லாம்: வாடகைச் சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது?

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோடு, வல்லம், கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றியுள்ள தெருக்கள், மத்தியப் பல்கலைக்கழகம் வந்த பிறகு திருவாரூர் என்று எங்கே வாடகைக்கு வீடு தேடினாலும் இப்போதெல்லாம் பாதி இடத்தில் ஓனரைப் பார்க்கவே முடிவதில்லை. "சார் சென்னைல இருக்காரு", "அவங்க சிங்கப்பூர்ல செட்டிலாயிட்டாங்க, நாங்கதான் பாத்துக்கிறோம்" என்பார்கள். நாங்க என்றால் யார்? டூ-லெட் போர்டில் ஒரு செல் நம்பர் இருக்கும், அவ்வளவுதான். அதே நம்பர் அடுத்த தெருவிலும் இன்னும் மூன்று வீட்டு வாசலில் தொங்கும்.

ஒரே ஆள் ஒரு தெருவில் நாலைந்து பழைய வீடுகளை வாங்கிப் போட்டால் என்ன ஆகும் என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாகப் போகும் வீட்டை பிளைவுட் தடுப்பு வைத்து நான்கு போர்ஷனாக்கி, முற்றத்துக்கு மேலே தகரம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் முன்பு முழு வீட்டுக்கு வாங்கிய வாடகையையே கேட்பார்கள். கும்பகோணம் பக்கமென்றால் நவக்கிரக யாத்திரைக்கு வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதில் காசு அதிகம். 2028 மகாமகம் வேறு வருகிறது. குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட யாருக்கு மனசு வரும்?

சரி, இதற்கெல்லாம் சட்டத்தில் வழி இருக்கிறதா என்றால், பாதிக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1960 முதல் இருந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 22.02.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதலில் இது செய்யாததைச் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது, இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதுதான் வாடகை. ஒரே ஆள் எத்தனை வீடு வைத்து வாடகைக்கு விடலாம் என்ற கேள்வியே அதில் இல்லை. ஒரு வீட்டின் மாடியை விட்டு மருந்துச் செலவு பார்க்கும் ரிட்டயர்டு வாத்தியாரும், ஐம்பது வீட்டுக்காரரும் சட்டத்தின் முன் ஒன்றுதான். அமெரிக்காவில் 2008 வீட்டுக்கடன் சரிவுக்குப் பிறகு முதலீட்டு நிறுவனங்கள் ஜப்திக்கு வந்த தனி வீடுகளை ஆயிரக்கணக்கில் வாங்கி வாடகைக்கு விட்டதால், அங்கே அவர்களைத் தனியாகக் கட்டுப்படுத்த வேண்டுமா என்று பெரிய விவாதமே நடக்கிறது. நம் சட்டம் அந்தப் பக்கம் போகவில்லை.

அது தருவது காகிதம். ஓனர் பக்கத்து வீட்டில் இருந்தால் முகதாட்சண்யத்துக்காகவாவது நாலு விஷயம் நடக்கும். வெளியூர் ஓனரிடம் காகிதம் மட்டும்தான் பேசும்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது நான்காவது பிரிவு. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரைத்தான் மாவட்ட ஆட்சியர் இந்தப் பொறுப்பில் நியமிப்பார். "பதினோரு மாச அக்ரிமெண்ட்தானே, ரெஜிஸ்டர் பண்ண வேண்டாம்" என்று எல்லா புரோக்கரும் சொல்வார்கள். அது சார்பதிவாளர் அலுவலகக் கணக்கு, அங்கே ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் கட்டாயம். வாடகை அதிகாரியிடம் பதினோரு மாத ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும், இரண்டும் வேறு வேறு. இதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது. ஒப்பந்தத்தையும் இரு தரப்பு அடையாளச் சான்றுகளையும் ஏற்றினால் ஒரு பதிவு எண் வரும். ஓனர் தரப்பு ஒத்துழைக்காவிட்டால் உங்கள் பக்க விவரத்தை நீங்கள் மட்டும் தனியாகத் தாக்கல் செய்யவும் இடமிருக்கிறது.

பேப்பர் இல்லாவிட்டால் என்ன, வருஷக்கணக்காக இருக்கிறோமே என்று அசட்டையாக இருக்காதீர்கள். எழுத்து ஒப்பந்தம் போடாமல் இருப்பதே ஓனர் உங்களைக் காலிசெய்யச் சொல்லி வாடகை நீதிமன்றம் போக ஒரு காரணம், சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். அதனால் மேனேஜர் "அதெல்லாம் எதுக்குங்க" என்று இழுத்தால், அது யாருக்கு வசதி என்று யோசியுங்கள்.

அந்த மேனேஜரைப் பற்றியும் சட்டத்தில் இருக்கிறது. ஓனர் சொத்து மேலாளர் வைத்திருந்தால் அவர் பெயர், அவரை ஓனர் நியமித்ததற்கான ஆதாரம், எந்தெந்த வேலைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதையெல்லாம் வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும். இதைக் கேட்டு வாங்குங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. வாடகையை அவர் ஜிபே நம்பருக்குப் போடச் சொன்னால், அது ஓனருக்குச் சேர்ந்ததாகக் கணக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கட்டும். ரசீது கேட்பது உங்கள் உரிமை. வீட்டைப் பார்க்க வருவதானாலும் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டு வர வேண்டும், டூப்ளிகேட் சாவி போட்டுத் திறந்து உள்ளே நிற்பதெல்லாம் கிடையாது.

அட்வான்ஸ்: மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 11-ஆவது பிரிவு. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, என்று ஒரு வாலும் அதற்கு இருக்கிறது. சென்னைப் பழக்கத்தில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பவர்கள் தப்பிப்பது அந்த வால் வழியாகத்தான். கையெழுத்துப் போடும்முன் பேசிக் குறைத்தால்தான் உண்டு, பிறகு போய்ச் சட்டம் பேசிப் பலனில்லை.

வீடு கைமாறும்போதுதான் பலர் பயந்துபோய் தாங்களாகவே காலிசெய்கிறார்கள். ஒருநாள் யாரோ இரண்டு பேர் வந்து "இந்த வீட்ட வாங்கிட்டோம், இந்த மாசத்தோட காலி பண்ணுங்க" என்பார்கள். அப்படி நினைத்த மாத்திரத்தில் முடியாது. சொத்து மாற்றுச் சட்டம் 109-ஆவது பிரிவின்படி புது ஓனருக்குப் பழைய ஓனரின் உரிமைகளோடு பொறுப்புகளும் வந்து சேரும். விற்றது தெரியாமல் பழையவரிடமே வாடகை கொடுத்திருந்தால், அதே மாதத்துக்குப் புதியவர் மறுபடி கேட்க முடியாது. சிக்கல் வருவது அட்வான்ஸில். "அத நாங்க வாங்கலியே" என்று புதியவர் கைவிரிப்பார், பழையவர் போனை எடுக்க மாட்டார். அதனால் பத்திரம் பதிவாகும் பேச்சு காதில் விழுந்த அன்றைக்கே, அட்வான்ஸ் இவ்வளவு, இதைத் திருப்பித் தருவது இன்னார் என்று இரண்டு பேரிடமும் எழுதி வாங்கப் பாருங்கள். அந்த எழுத்து வராமல், கிரயப் பத்திர நகலைக் காட்டாமல், உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் போடாமல் புதியவருக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் அதுவே காலிசெய்யக் காரணமாகிவிடும். வாடகையைப் புதியவர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழியிருக்கிறது.

தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது போன்ற கைவரிசைகளுக்கு 20-ஆவது பிரிவு: அத்தியாவசிய வசதியை ஓனரோ மேனேஜரோ நிறுத்தக் கூடாது, மனு கொடுத்தால் விசாரணை முடியும்முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி வாடகை அதிகாரி உத்தரவிடலாம். கரண்ட் பில்லையும் கவனியுங்கள். நாலு போர்ஷனுக்கும் ஒரே மீட்டர் என்றால், இரண்டு மாதத்துக்கு வரும் 100 யூனிட் இலவசம் ஒருமுறைதான், மொத்த யூனிட்டும் கூடி மேல் கட்டணத்துக்குப் போய்விடும். யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

போக்கியத்துக்குப் போகிறவர்கள், அதாவது மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துக் குடியிருப்பவர்கள், இன்னும் உஷாராக இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் கொடுக்கும்முன் வில்லங்கச் சான்று போட்டு, வீட்டின் மேல் பேங்க் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். மேனேஜர் கையெழுத்துப் போடுகிறார் என்றால் அவரிடமுள்ள பவர் பத்திரத்தில் போக்கியத்துக்கு விடும் அதிகாரம் இருக்கிறதா என்று வாசியுங்கள். வாடகை வசூலிக்கக் கொடுத்த பவர் அதற்குப் போதாது.

அப்புறம் ஒன்று, வெளிநாட்டில் வசிக்கும் ஓனருக்கு நேரடியாக வாடகை கட்டினால் வருமான வரியைப் பிடித்தம் செய்து கட்டும் பொறுப்பு வாடகைதாரர் தலையில் விழுகிறது, வாடகை சின்னத் தொகையாக இருந்தாலும். ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெல்டாவில் இன்னொரு பெரிய ஓனர் கோயிலும் மடமும். மனை கோயிலுடையது, மேலே கட்டிய வீடு தங்களுடையது என்று இருக்கும் அடிமனை வாடகைக்காரர்களுக்கு நான் மேலே சொன்னது பொருந்தாது. அறநிலையத் துறைச் சட்டம் 34-ஏ பிரிவின்படி ஒரு குழு சந்தை மதிப்பைப் பார்த்து வாடகை நிர்ணயிக்கும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தும். அதிகம் என்று தோன்றினால் மேல்முறையீடு ஆணையரிடம். நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்கு அந்தப் பக்கம் காரைக்காலில் குடியிருந்தால் அது புதுச்சேரி, இந்தத் தமிழ்நாட்டுச் சட்டமோ பதிவு எண்ணோ அங்கே செல்லாது.