ஓட்டுநர் இல்லாத லாரிக்குப் பின்னால் எத்தனை பேர்?

அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு சரக்கு லாரி பழுதாகி நின்றுவிட்டால், அதன் ஓட்டுநர் பத்து நிமிடத்துக்குள் கீழே இறங்கி மூன்று சிவப்பு எச்சரிக்கை முக்கோணங்களைச் சாலையில் வைத்தாக வேண்டும். வண்டியை ஒட்டி ஒன்று, தள்ளி ஒன்று, இன்னும் தள்ளி ஒன்று. கேபினில் ஆளே இல்லாத லாரியில் இதை யார் வைப்பது? முக்கோணத்துக்குப் பதிலாக கேபின் மீதே எச்சரிக்கை விளக்கு பொருத்திக்கொள்கிறோம் என்று, ஓட்டுநரில்லா வண்டிகளை உருவாக்கும் வேமோ, அரோரா நிறுவனங்கள் 2023இல் விலக்குக் கேட்டன. 2024 டிசம்பரில் அந்த விண்ணப்பம் மறுக்கப்பட்டது. வண்டி ஓட்டுவது ஓட்டுநர் வேலையின் ஒரு பகுதிதான் என்பதை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது.

ஓட்டும் பகுதியில் முன்னேற்றம் பெரியது. சுமையோடு 36 டன் எடையுள்ள லாரி மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஆபத்தைக் கண்டு முழுவதுமாக நிற்கச் சுமார் 160 மீட்டர் வேண்டும். அதனால் லாரியின் கண் காரின் கண்ணைவிடத் தொலைவு பார்க்க வேண்டும். அந்தக் கண்தான் லைடார் எனும் லேசர் கருவி. வழக்கமான லைடார் ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தொலைவை மட்டுமே கணக்கிடுகிறது. அரோரா பயன்படுத்தும் வகையோ, அதிர்வெண் மாறிக்கொண்டே இருக்கும் ஒளியைத் தொடர்ச்சியாக அனுப்புகிறது. எதிரொளியின் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்து எதிரே உள்ள பொருளின் வேகமும் அதே கணத்தில் தெரிந்துவிடும். கடந்து செல்லும் ரயிலின் ஊதல் ஒலி சட்டென்று தாழ்கிறதே, அதே டாப்ளர் விளைவுதான். தொலைவில் தெரியும் புள்ளி நின்றுவிட்ட காரா, ஓடிக்கொண்டிருக்கும் காரா என்று இரண்டு மூன்று படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தானாக ஓட்டும் கருவிக்குப் புரியாத நிலைமை வரும்போதுதான் தொலைவில் இருக்கும் மனிதர் தேவைப்படுகிறார். இதில் இரண்டு முறைகள் உண்டு. செய்திகளில் இவற்றைப் பெரும்பாலும் ஒன்றாகவே குழப்பிவிடுகிறார்கள். முதல் முறையில் அவர் திரை முன் அமர்ந்து ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் நேரடியாகவே இயக்குகிறார். கேமரா படம் வலையமைப்பு வழியே வந்து, அவருடைய கட்டளை திரும்பிப் போய்ச் சேர 0.2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலை வேகத்தில் அதற்குள் லாரி ஆறு மீட்டர் ஓடியிருக்கும். சிக்னல் அறுந்தால் அந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே இந்த முறை மெதுவாக நகரும் இடங்களுக்கே, அதாவது கிடங்கு முற்றம், துறைமுகம் போன்றவற்றுக்கே பொருந்தும். இரண்டாம் முறையில் அவர் ஓட்டுவதே இல்லை. “வலப்புறத் தடம் அடைபட்டிருக்கிறது, இடப்புறம் போகலாம்” என்று யோசனை மட்டும் சொல்கிறார். அதை எப்போது, எப்படிச் செய்வது என்பதை லாரியின் கணினியே முடிவு செய்கிறது. பதில் சில விநாடி தாமதமானாலும் விபத்து நேராது. லாரி மெதுவாகி ஓரம் கட்டும்.

முதலீட்டாளருக்கு இந்த வேறுபாடு கணக்குப் பிரச்சினை. அமெரிக்காவில் லாரி இயக்கும் செலவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ஓட்டுநரின் ஊதியமும் படிகளும். அதோடு அவர் ஒரு நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஒரு லாரிக்கு ஒருவர் திரை முன் உட்கார்ந்திருந்தால், சம்பளம் கேபினிலிருந்து அலுவலகத்துக்கு இடம் மாறியதுதான் மிச்சம். கேமரா, இணையச் செலவு வேறு. ஒருவர் பத்து லாரிகளைக் கவனித்தால்தான் லாபத்தின் முகம் தெரியும். ஆனால் விடியற்காலையில் நான்கு லாரிகள் ஒரே நேரத்தில் நகர எல்லைக்கு வந்து அந்த ஒருவரின் உதவியைக் கேட்டால் மூன்று காத்திருக்க வேண்டும். சராசரியை நம்பி ஆள் வைத்தால் நெரிசல் நேரத்தில் மாட்டிக்கொள்வோம்.

ஸ்டார்ஸ்கி ரோபாட்டிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் இந்தப் பாதையில்தான் இறங்கியது: நெடுஞ்சாலையில் கருவி; பயணத்தின் முதல், கடைசி மைல்களில் தொலைநிலை ஓட்டுநர். 2019இல் ஃபுளோரிடாவில் யாருமில்லாத லாரியைப் பொதுச் சாலையில் ஓட்டியும் காட்டியது. 2020இல் பணம் கிடைக்காமல் மூடப்பட்டது. புதுப்புது வசதிகளைக் காட்டினால் கைதட்டிய முதலீட்டாளர்கள் பாதுகாப்பு வேலைக்கு மதிப்புத் தரவில்லை என்று அதன் நிறுவனர் வெளிப்படையாகவே எழுதினார். இதே துறையிலிருந்த எம்பார்க்கின் கதை இன்னும் கொடுமை. 2021இல் சுமார் 500 கோடி டாலர் மதிப்போடு பங்குச் சந்தைக்கு வந்த அந்த நிறுவனம், இரண்டே ஆண்டில் சுமார் 7.1 கோடி டாலருக்கு விற்கப்பட்டது.

இதற்கு நேர்மாறாக, ஆஸ்திரேலியாவின் பில்பரா சுரங்கங்களில் ஓட்டுநரில்லாத ராட்சத லாரிகள் பல ஆண்டுகளாக இரும்புத் தாது சுமக்கின்றன. ரியோ டிண்டோ நிறுவனம் 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெர்த் நகரிலிருந்து அவற்றைக் கண்காணிக்கிறது. அங்கே குறுக்கே ஓடும் குழந்தை இல்லை, முந்த நினைக்கும் கார் இல்லை, சாலையே நிறுவனத்தின் சொத்து. இந்தத் துறையில் பணம் போட எண்ணினால், வேலி போட்ட நிலத்தில் ஓடும் லாரியைத்தான் முதலில் பார்ப்பேன். கவர்ச்சி குறைவுதான், வாடிக்கையாளர் இன்றே காசு தருகிறார்.

நெடுஞ்சாலைக்காரர்களிடம் நான் கேட்கும் கேள்வி வேறு: பிரேக்கும் ஸ்டியரிங்கும் இரட்டையாக இருக்கின்றனவா? ஒன்று செயலிழந்தால் கேபினில் காலால் மிதிக்க ஆள் இல்லை, எனவே இன்னொன்று தானாக ஏற்றுக்கொள்ள வேண்டும். இதை மென்பொருள் நிறுவனம் தனியாகச் செய்ய முடியாது. லாரி செய்யும் தொழிற்சாலை சம்மதிக்க வேண்டும். 2025 வசந்தத்தில் டல்லாஸ்–ஹூஸ்டன் தடத்தில் அரோரா கேபினில் ஆளில்லாமல் வணிக ஓட்டத்தைத் தொடங்கியது. சில வாரங்களுக்குள் லாரி தயாரிப்பாளரான பக்கார், வண்டியில் சோதனை நிலைப் பாகங்கள் இருப்பதைக் காரணம் காட்டி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைக்கச் சொன்னது. தங்கள் கருவிக்கு அவர் தேவையில்லை என்று அரோரா சொன்னது. ஆனாலும் இருக்கையில் ஆள் திரும்ப வந்து அமர்ந்தார்.