வராத வாடகைக்கும் வரி உண்டு: வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர் கவனத்திற்கு

குடியிருப்பவர் நான்கு மாதமாக வாடகை தரவில்லை. அந்த நான்கு மாதத்துக்கு வருமான வரி உண்டா? உண்டு. பணம் கைக்கு வராவிட்டாலும், வர வேண்டிய வாடகை உங்கள் வருமானம்தான். அதைக் கணக்கிலிருந்து நீக்க நான்கு நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும். குடித்தனம் உண்மையானதாக இருக்க வேண்டும். பாக்கி வைத்தவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்ய வைக்க நீங்கள் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். உங்களுடைய வேறொரு வீட்டில் அவர் குடியிருக்கக் கூடாது. பாக்கியை வசூலிக்கச் சட்டப்படி முயன்றிருக்க வேண்டும், அல்லது வழக்குப் போட்டும் பயனில்லை என்று வரி அதிகாரியை ஏற்க வைக்க வேண்டும். ‘போனால் போகிறது, முகத்தை முறிக்க வேண்டாம்’ என்று பேசாமல் இருப்பவருக்கு வாடகையும் போகும், அதற்கு மேல் வரியும் போகும்.

அதனால் முதல் நோட்டீஸ்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தமிழ்நாட்டு நகர்ப்புறங்களுக்கான 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாவிட்டால், காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றத்தில் மனு போடலாம். எந்தெந்த மாதம், எவ்வளவு தொகை என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வரிக் கணக்குக்கும் இதே காகிதம்தான் சாட்சி. கோபத்தில் மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்திவிடாதீர்கள். அது சட்டவிரோதம், புகார் உங்கள் மேல் திரும்பும்.

‘11 மாத ஒப்பந்தம்தானே, பதிவு தேவையில்லை’ என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அது சரி. வாடகைச் சட்டத்துக்குச் சரியல்ல. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். பதியாத ஒப்பந்தத்தைப் பின்னால் சாட்சியமாகக் காட்டுவதில் சிக்கல் வரும்.

இனி நஷ்டக் கணக்கு. உதாரணமாக, மாதம் 20,000 வீதம் ஆண்டு வாடகை 2,40,000 ரூபாய். நீங்கள் அந்த ஆண்டில் கட்டிய சொத்து வரி 10,000 போனால் 2,30,000. அதில் 30 சதவீதம், அதாவது 69,000 ரூபாய், தானாகவே கழியும். வெள்ளையடிப்பு, பிளம்பிங், புரோக்கர் கமிஷன் எல்லாம் இந்த 30 சதவீதத்துக்குள் அடக்கம், தனியாகக் கேட்க முடியாது. மீதம் 1,61,000. வீட்டுக் கடன் வட்டி 5,00,000 என்றால் நஷ்டம் 3,39,000.

பழைய வரி முறையில் இதில் 2,00,000 வரை சம்பளம் போன்ற மற்ற வருமானத்தில் கழிக்கலாம். மீதி 1,39,000 ரூபாயை அடுத்த 8 ஆண்டுகளுக்குள் வீட்டு வருமானத்தில் மட்டும் ஈடுகட்டலாம். புதிய முறையில் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் கழியாது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: தொழில் வருமானம் இல்லாதவர் பழைய முறை வேண்டுமென்றால், கெடு தேதிக்குள் போடும் ரிட்டர்னிலேயே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாமதமாகப் போட்டால் புதிய முறைதான்.

சொத்து வரியைக் குடியிருப்பவர் கட்டினால் உங்களுக்குக் கழிவு கிடையாது. நீங்கள் கட்டினால், பழைய பாக்கியானாலும் கட்டிய ஆண்டில் கழியும். மாத வாடகை இல்லாமல் பெருந்தொகை வாங்கி ‘லீசுக்கு’ விட்டால் வரியே இல்லை என்பதும் தவறு. அந்த வீட்டுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகையை வைத்துக் கணக்குப் போடுவார்கள்.

வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தனிநபர் குடியிருப்பவரும் வாடகையிலிருந்து 2 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். உங்கள் பான் எண்ணைக் கொடுக்காவிட்டால் அது 20 சதவீதம். உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பவரானால் 50,000 என்ற வரம்பே இல்லை, 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் (வரியின் மேல் வரும் கூடுதல் வரி) பிடிக்க வேண்டும். துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு சென்னை வீட்டை வாடகைக்கு விடுவோர் குறைந்த விகிதத்தில் டிடிஎஸ் பிடிப்பதற்கான சான்றிதழுக்கு வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது.

கடைசியாக அட்வான்ஸ். ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்தபின் நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். பாக்கிக்காக அட்வான்ஸிலிருந்து எடுத்துக்கொண்ட தொகை வந்து சேர்ந்த வாடகைதான். அதையும் வராத வாடகை என்று காட்டாதீர்கள்.