பெயரை மட்டும் மாற்றிய ஒரு சிம்பல்

40 சர்க்யூட் போர்டுகள் தயாராகி வந்தன. சிலவற்றில் ரிலே இழுத்தது, சிலவற்றில் இழுக்கவில்லை. புரோகிராமில்தான் தவறு என்று நினைத்து ஒரு நாள் முழுக்கத் தேடினோம். அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்து டிரான்சிஸ்டரின் கால்களைச் சோதித்தோம். கலெக்டர் இருக்க வேண்டிய இடத்தில் எமிட்டர் இருந்தது.

பிசி547 என்ற டிரான்சிஸ்டரின் தட்டையான முகத்தை நம் பக்கம் வைத்தால் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 என்ற டிரான்சிஸ்டரில் அதுவே எமிட்டர், பேஸ், கலெக்டர். போர்டுகளை வடிவமைக்க நாங்கள் கீகேட் என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அதில் எங்கள் குழுவின் பாகத் தொகுப்பான லைப்ரரியில் ஒருவர் பிசி547 சிம்பலை (சர்க்யூட் படத்தில் பாகத்தைக் குறிக்கும் படம்) நகலெடுத்து, பெயரை மட்டும் 2என்3904 என்று மாற்றிச் சேமித்திருந்தார். பின் எண்களை, அதாவது கால்களின் எண்களை, தொடவில்லை. கீகேட்டின் தானியங்கிச் சோதனைகளான இஆர்சி (மின் இணைப்புகளுக்கு), டிஆர்சி (போர்டு வடிவமைப்புக்கு) இரண்டும் ஒரு பிழையும் காட்டவில்லை. லைப்ரரி சொல்வதை அவை அப்படியே நம்புகின்றன, பாகத்தின் தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட்டைத் திறந்து பார்ப்பதில்லை. 40 டிரான்சிஸ்டர்களையும் கழற்றி, திருப்பி வைத்து மறுபடி சால்டர் செய்தோம்.

சிம்பலைத் திருத்தியதும் வேலை முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. 2021 கடைசியில் வந்த கீகேட் 6 முதல், நாம் பயன்படுத்தும் சிம்பலின் நகல் ஸ்கெமாட்டிக் (சர்க்யூட் படம்) ஃபைலுக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. லைப்ரரி தொலைந்தாலும் ஸ்கெமாட்டிக் திறக்கும் என்பது பெரிய வசதி. ஆனால் லைப்ரரியில் செய்த திருத்தம் பழைய ப்ராஜெக்டுகளுக்குத் தானாகப் போய்ச் சேராது. ஒவ்வொன்றையும் திறந்து, லைப்ரரியிலிருந்து சிம்பல்களைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுக்க வேண்டும். போர்டில் உள்ள ஃபுட்பிரிண்டுக்கும் (பாகத்தைச் சால்டர் செய்யும் இடத்தின் அமைப்பு) இதே கதைதான். அதனால் எந்தப் பாகம் எந்த ப்ராஜெக்டில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

ஃபைல்களின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் (Git) மென்பொருளில் லைப்ரரியை வைப்பது நல்லது. ஃபுட்பிரிண்டுகள் தனித்தனி ஃபைல்கள் என்பதால் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். சிம்பல்கள் வழக்கமாக ஒரே ஃபைலுக்குள் குவிந்திருக்கும், இருவர் சேர்ந்து கை வைத்தால் மோதும். டிரான்சிஸ்டர், ரெகுலேட்டர், கனெக்டர் என்று சிறு சிறு லைப்ரரிகளாகப் பிரித்தால் இந்தத் தொல்லை குறையும். லைப்ரரி இருக்கும் இடத்தை உங்கள் கணினியின் சி டிரைவிலிருந்து முழுப் பாதையாகக் கொடுக்காதீர்கள், மற்றவர் கணினியில் அது திறக்காது.

பெயரிலும் கவனம் வேண்டும். ரெசிஸ்டர் போன்ற சிறு பாகத்தின் அளவை 0603 என்று மட்டும் எழுதினால் அது இஞ்சுக் கணக்கா, மெட்ரிக்கா? மெட்ரிக் 0603 என்பது இஞ்சுக் கணக்கில் 0201, மணல் துகள் அளவு. கீகேட்டின் சொந்த லைப்ரரியில் 0603, 1608 மெட்ரிக் என்று இரண்டையும் சேர்த்தே பெயரிட்டிருக்கிறார்கள். அதையே பின்பற்றுங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் பாகத்தை நீங்கள் மறுபடி வரையவும் வேண்டாம்.

இப்போது எங்களிடம் ஒவ்வொரு சிம்பலிலும் கூடுதலாக மூன்று ஃபீல்டுகள் இருக்கின்றன: பின் வரிசை உள்ள டேட்டாஷீட் பக்க எண், வரைந்தவர் தவிர வேறொருவராகச் சரிபார்த்தவரின் பெயர், சால்டர் செய்து ஓட்டிப் பார்த்த தேதி. மூன்றாவது காலியாக இருக்கும் பாகத்தை வைத்து 5 போர்டுகளுக்கு மேல் ஆர்டர் போடுவதில்லை.