மறுசீரமைப்பு நீதியா, செப்பநீதியா?

தப்பு செய்தவரே பாதிக்கப்பட்டவரை நேரில் பார்த்து, செய்த கேட்டைச் சரிசெய்யும் முறைக்கு ஆங்கிலத்தில் 'ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ்' என்று பெயர். போன மாதம் ஒரு பயிலரங்கில் அதைத் தமிழில் 'மறுசீரமைப்பு நீதி' என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் மெல்லக் குனிந்து, "எந்தக் கோர்ட்டைப் பிரிக்கப் போறாங்க தம்பி?" என்றார். அவர்மேல் தப்பில்லை. மாநில மறுசீரமைப்பு, தொகுதி மறுசீரமைப்பு, கடன் மறுசீரமைப்பு என்று எல்லைக்கோட்டை மாற்றவும் தவணையைத் தள்ளிப்போடவும் புழங்கித் தேய்ந்த சொல் அது.

ரெஸ்டோரேட்டிவ் என்பதன் வேர் லத்தீன். பழுது பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று பொருள். ரெஸ்டாரன்டும் அதே வேரில் பிறந்ததுதான். பாரிஸில் முதலில் அது உடம்பைத் தேற்றும் சூப்பின் பெயர்.

நடப்பில் இது என்ன என்பதற்குக் கனடாவின் எல்மைரா என்ற சிற்றூர் போதும். 1974-இல் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் டயரைக் கிழித்துக் கண்ணாடியை உடைத்து அட்டகாசம் செய்தார்கள். நன்னடத்தை அலுவலர் ஒரு யோசனை சொன்னார், நீதிபதி ஒப்புக்கொண்டார். இருவரும் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டி, செய்தது தாங்கள்தான் என்று சொல்லி, நஷ்டத்தைக் கேட்டறிந்து பணம் கொடுத்தார்கள்.

இதைச் சிலர் 'மீட்பு நீதி' என்கிறார்கள். எனக்குக் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கும் தீயணைப்பு வண்டிதான் ஞாபகம் வருகிறது; தேவாலயம் போகிறவருக்குப் பாவ மீட்பு. 'ஈடுசெய் நீதி' பணத்தோடு நின்றுவிடும். 'சமரசம்' இன்னும் மோசம். தப்பு யாருடையது என்பதையே மழுப்பிவிடும். நண்பர் ஒருவர், புண்ணை ஆற்றுவதால் 'ஆற்றுநீதி' என்றார். அழகுதான், ஆனால் காவிரி வழக்கு என்று நினைத்துக்கொள்வார்களே!

என் கட்சி செப்பநீதி. ரோட்டைச் செப்பனிடுகிறோம், சரியா? அந்தச் செப்பம்தான் குறளில் நடுவுநிலை: 'சொற்கோட்டம் இல்லது செப்பம்' (119). பழுதுபார்ப்பும் நீதியும் ஒரே சொல்லில் கைவசம் இருக்க, கடன் பத்திரத்திலிருந்து இரவல் வாங்குவானேன்?

அப்புறம், ஆங்கிலத்தில் 'கம்யூனிட்டி' என்று வருமிடத்தில் எழுதும் இந்தச் 'சமூகப் பங்கேற்பு'. நம் பேச்சில் 'எந்தச் சமூகம்?' என்றால் என்ன சாதி என்றுதான் அர்த்தம். நீதியில் சமூகப் பங்கேற்பு வேண்டும் என்று எழுதினால் படிப்பவர் கண்முன் வருவது கட்டப்பஞ்சாயத்து, 2011-இல் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று சொன்ன அதே கட்டப்பஞ்சாயத்து. சொல்ல வருவதோ வேறு. நியூசிலாந்தின் 1989-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தப்பு செய்த சிறுவனோடு அவன் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவரும் கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள். குடும்பத்தார், அக்கம்பக்கத்தார், ஊரார் என்று எழுதினால் மொழிபெயர்ப்பாளரின் பேனா தேய்ந்துவிடுமா? சமூகம் என்றே எழுதிவிட்டு, மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று அடுத்த பக்கத்தில் புலம்பல் வேறு.